முதுகின் நீளம்

வீடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. அதை வீட்டில் ஒரு தனி ஆளாக நினைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. நீ சௌக்கியம் என்று போனில் சொன்னாய், ஆனால் கூடவே இருமலும் கேட்டது. வெந்நீர் குடி.

போனில் பேசினால் ஆயிற்று, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் சாப்பிட்டாயா என்பேன், நீ சாப்பிட்டேன் என்பாய். அப்புறம் நீங்க சாப்பிட்டீங்களா என்பாய், நானும் சாப்பிட்டேன் என்பேன். அதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். நம் பேச்சை யாராவது ஒட்டுக்கேட்டால் இந்தக் குடும்பத்துக்குத் தின்பதைத் தவிர வேறு ஜோலியே இல்லை என்று நினைப்பான். கடிதத்தில் ஒரு சௌகரியம், நான் முடிக்கிறவரைக்கும் நீ போனை வைக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் மலையில் ஐந்து நாள் நடக்கப் போவதாகச் செய்தி அனுப்பியிருந்தாய். முதுகில் மாட்டுகிற பை வேண்டும், விலை அதிகம் இருக்கக் கூடாது, சீக்கிரம் பிய்ந்துபோகவும் கூடாது, எதைப் பார்த்து வாங்குவது, நீங்கதான் தினமும் பையோடவே இருக்கீங்களேப்பா என்று கேட்டிருந்தாய். நான் அதைப் பல தடவை படித்தேன். எனக்கு ஏதோ தெரியும் என்று நம்பி நீ கடைசியாக ஒரு கேள்வி கேட்டது ஏழாம் வகுப்பில். ஒரு கணக்குக் கேட்டாய், நானும் போட்டுக்கொடுத்தேன். உன் டீச்சர் அதற்கு ஒரு பெரிய முட்டை போட்டார்கள். அன்றோடு என்னிடம் கேட்பதை நிறுத்தியவள், இப்போது மறுபடியும் கேட்டிருக்கிறாய். இந்தத் தடவை முட்டை வாங்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் எல்லாருக்கும் உன் செய்தியைக் காட்டினேன். சக்கரத்தை உனக்குத் தெரியாது, நீ ஊரைவிட்டுப் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவன். பெட்டிகள் வந்து இறங்கினால், சக்கரம் வைத்த பெட்டியாகப் பொறுக்கி எடுத்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். தூக்கிச் சுமக்கிறதெல்லாம் எங்கள் தலையில். அதனால் அந்தப் பேர். அவன் படித்துவிட்டு, சக்கரம் இல்லாதது எல்லாம் ஒரு பையா அண்ணே, மலைக்கும் சக்கரப் பெட்டியே கொண்டுபோகச் சொல்லுங்க, ஏறும்போதுதான் கஷ்டம், இறங்கும்போது பெட்டியே புள்ளையைக் கூட்டிட்டு வந்துரும் என்றான். அவன் யோசனையை உனக்குத் தெரிவிப்பது என் கடமை. கேட்காமல் இருப்பது உன் கடமை.

இப்போது என் யோசனை. வண்டியில் பை ஏற்றி ஏற்றியே வயசானவன் நான். ஒரு பை எந்த இடத்தில் சாகும் என்று எனக்குத் தெரியும். துணி கிழிந்து சாகிற பை குறைவு. தோள்வார் பையின் உடம்போடு சேருகிற இடம் இருக்கிறதே, முதலில் போவது அதுதான். அங்கே ஒற்றைத் தையல் ஓட்டியிருந்தால் அந்தப் பையைத் தொடாதே. சின்னதாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே தைத்திருக்க வேண்டும். அடுத்தது ஜிப். பை நிறைய ஜிப் வைத்திருந்தால் கடையில் பார்க்க அழகாக இருக்கும், மழையில் நனைந்து திறக்காமல் போனால் ஒவ்வொன்றும் ஒரு சண்டை. வாயைச் சுருக்குக் கயிற்றால் இழுத்துக் கட்டி, மேலே ஒரு மூடி போட்டு மூடுகிற பை நல்லது. கயிறு அறுந்தால் வேறு கயிறு கோத்துக்கொள்ளலாம், ஜிப் போனால் உட்கார்ந்து அழத்தான் வேண்டும். மூன்றாவது, பிளாஸ்டிக் கொக்கிகள். நகத்தால் அழுத்தினால் வளைகிற கொக்கி குளிரில் நொறுங்கிவிடும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு யோசித்தேன். நீ ஆபீஸ் விட்டு வந்து, அலுத்துப்போய்க் கடைக்குப் போய், தையலைத் திருப்பிப் பார்க்கவா போகிறாய். நீ வாங்காதே. நானே வாங்குகிறேன். ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், பேட்டரிக் கடை இருந்த இடத்தில், மலையேறுகிறவர்களுக்கென்றே ஒரு கடை வந்திருக்கிறது. இந்த ஊரில் ஏறுவதற்கு மேம்பாலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை, யாரை நம்பிக் கடை போட்டார்கள் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை நம்பித்தான் போலிருக்கிறது.

யார் யார் சேர்ந்து போகிறீர்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதாகத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

போன தடவை, லீவு கிடைத்தால் இங்கே வந்துவிட்டுப் போயேன் என்றதற்கு, அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்னப்பா பண்றது என்றாய். நியாயமான கேள்வி. நானும் தினமும் பூட்டில் சாவியைப் போடும்போது அதையேதான் கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரிந்தால் உனக்கும் எழுதுகிறேன்.

ஆபீசில் வேறு விசேஷம் இல்லை. நாங்கள் பார்சல் ஏற்றுவதில் சுணங்குவதால்தான் காலை வண்டி தாமதமாகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் கத்திவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் முழங்கால் இருக்கிறது.

தொண்டையைக் கவனித்துக்கொள்.

முட்டை வாங்காமல் பாஸாகப் பார்க்கும்
உன் அப்பா

*

வீடு,
வியாழக்கிழமை

என் ராஜாத்திக்கு,

உன் பதில் வந்தது. சரிப்பா, நீங்களே வாங்கி பார்சல்ல போட்டுடுங்க, பணம் அனுப்பிடறேன் என்று ஒரே வரி. பணம் பற்றிய பாதியை நான் படிக்கவில்லை. பார்சல் பற்றிய பாதியைப் படித்தேன், அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதப் போவது என் வீரதீரச் செயல்கள். உட்கார்ந்து படி.

கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு. என் சட்டையைப் பார்த்துத் திறக்காமல் இருந்துவிடுமோ என்று நினைத்தேன், கிட்டப் போனதும் தானாகத் திறந்துகொண்டது. அதற்குப் பாரபட்சம் இல்லை. உள்ளே ஒரே ஒரு பெண், கல்லாவிலும் அவள்தான், எடுத்துக் காட்டுவதும் அவள்தான். உன்னைவிட ரெண்டு வயசு சின்னவளாக இருப்பாள். எத்தனை லிட்டர் பார்க்கறீங்க சார் என்று கேட்டாள். ஒரு நிமிஷம் பால்கடைக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தேன். பையை லிட்டரில்தான் அளப்பார்களாம். ஐந்து நாள் நடை, ராத்திரி கூடாரத்தில் படுக்கை என்றால் ஐம்பது லிட்டர் போதும், அதற்கு மேல் வாங்கினால் இடம் இருக்கிறதே என்று வேண்டாததை எல்லாம் அடைப்பார்கள் என்றாள். நம் வீட்டுப் பரண் ஞாபகம் வந்தது.

எடுத்துக் காட்டிய பைகள் எல்லாம் என் கண்ணுக்குக் காற்றடித்த பலூன் மாதிரி இருந்தன. இழுத்துப் பார்த்தேன், மெல்லிசாக இருந்தது. இதெல்லாம் ஒரு வண்டி தாங்காதே என்று நினைத்துக்கொண்டு, மூலையில் ஒரு பச்சைப் பையைப் பார்த்தேன். கூடாரத் துணி மாதிரி கெட்டித் துணி. அடியில் தோல். பித்தளை வளையம். தோள்வாரில் என் கைவிரல் தடிமனுக்குத் தையல். விலையும் மற்றதைவிடக் குறைவு. இதைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாமா அம்மா என்று கேட்டேன். தாராளமா பாருங்க சார் என்று, எடைக்காக வைத்திருக்கிற மணல் மூட்டைகளை உள்ளே போட்டுக் கொடுத்தாள், பாவம். மாட்டிப் பார்ப்பேன் என்று நினைத்திருக்கிறாள். நான் அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கித் தரையில் ஓங்கி எறிந்தேன்.

நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். சோதிப்பதற்காக எறிவதில்லை, வண்டி கிளம்புகிற அவசரத்தில் எறிவோம். பைக்கு ரெண்டும் ஒன்றுதான். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. அந்தப் பெண் ஓடி வந்து, சார், நீங்க பை வாங்க வந்தீங்களா, பழிவாங்க வந்தீங்களா என்று கேட்டாள். நான் பையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நூல் பிரியவில்லை. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன். அந்த முட்டைக் கணக்கு என் மனசை விட்டுப் போன மாதிரி இருந்தது.

மறுநாள் எனக்கு வார ஓய்வு. உனக்கு அனுப்புவதற்கு முன்னால் மாட்டி நடந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கனத்துக்கு வீட்டில் தேடினேன். ஒற்றை ஆள் வீட்டில் கனமான சாமான் ஏது. அரிசியை ஒரு பையில் கட்டிப் போட்டேன், பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வைத்தேன், இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். இன்னும் இடம் இருந்தது. கடைசியில் அம்மாவின் பெரிய குக்கரை எடுத்து வைத்தேன். அது அலமாரியில் சும்மாதான் கிடக்கிறது. ஒரு ஆளுக்குச் சின்னப் பாத்திரத்திலேயே மிஞ்சிவிடுகிறது.

மாடிப்படி இறங்கும்போது மேல்வீட்டு நர்ஸம்மா டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்தார். என்னையும் பையையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னண்ணே, வீட்டைவிட்டு ஓடிப்போறீங்களா என்று கேட்டார். கோவிச்சுக்கிட்டு ஓடணும்னா வீட்டுல கோவிச்சுக்க ஒரு ஆளாவது வேணுமேம்மா என்றேன். இருவரும் சிரித்தோம். அவர் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டார்.

பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்புவது என்று திட்டம். மார்க்கெட் தெரு தாண்டுவதற்குள் தோள் ரெண்டும் எரிய ஆரம்பித்தன. அந்தப் பச்சைப் பை காலியாகவே ஒரு கைக்குழந்தை கனம் இருந்தது, கடையில் வீராப்பில் அது எனக்குத் தெரியவில்லை. வார் சதையை அறுக்கிறது. அது போதாதென்று குக்கரின் கைப்பிடி நடு முதுகில் குத்துகிறது. அம்மா எதையாவது நினைவுபடுத்த வேண்டுமென்றால் முழங்கையால் இடிப்பாளே, அதே இடம். என்ன மறந்துட்டேன், சொல்லு என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். எதிரே வந்த சைக்கிள்காரர் நின்று, என்னையா கேட்டீங்க என்றார்.

பாதியிலேயே பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பை மாட்டின ஆளைப் பார்த்து ரெண்டு பஸ் நின்று நின்று போயின. அங்கே உட்கார்ந்துதான் எனக்குப் புத்தி வந்தது. வாழ்நாள் முழுக்கப் பையைத் தூக்கியிருக்கிறேன், ஆனால் ஒன்றையாவது மாட்டிக்கொண்டு எங்கேயாவது போயிருக்கிறேனா. பிளாட்பாரத்திலிருந்து தூக்கி வண்டிக்குள் போடுவேன். பை போய்விடும். நான் அங்கேயே நிற்பேன். எனக்குத் தெரிந்த தூரமெல்லாம் பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழம்தான். பை எப்படிச் சாகும் என்று பெரிதாக எழுதினேனே, அதைச் சுமக்கிறவள் எப்படி நடப்பாள் என்று நினைக்கவே இல்லை. எறிவதற்கு ஏற்ற பையாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். உன் டீச்சருக்குக் கைராசி, மறுபடியும் முட்டை.

சாயங்காலமே கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். இல்லைம்மா, இன்னைக்கு எறிய மாட்டேன், மாத்திக்க வந்திருக்கேன் என்று குக்கர் கதையைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, இது உங்களுக்கா சார் என்று கேட்டாள். என் மகளுக்கு என்றேன். அதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா என்று, ஏதோ லாரிக்குப் பை வாங்க வந்தவன் போல என்னைப் பார்த்தாள்.

அப்புறம் ஒரு மெல்லிசுப் பையில் மணல் மூட்டைகளைப் போட்டு என் முதுகில் மாட்டிவிட்டாள். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்து இறுக்கினாள். வயித்தை உள்ள இழுங்க சார் என்றாள். இழுத்துத்தாம்மா வெச்சிருக்கேன் என்றேன். அதற்குப் பிறகுதான் தோள்வாரை இழுத்தாள். கண்ணு, பாரம் தோளைவிட்டுக் கீழே இறங்கி இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அதே மணல்தான். தோளில் சுமந்தால் அரை மணி, இடுப்பில் சுமந்தால் அரை நாள் என்றாள். இதை யாராவது எனக்கு இருபது வயதில் சொல்லியிருந்தால் முழங்காலோடு எனக்கு இன்று சண்டையே இருந்திருக்காது.

அவள் எடுத்துக் கொடுத்தது மஞ்சள் பை. கண்ணைக் குத்துகிற மஞ்சள். போன வருஷத்து நிறமாம், யாரும் தொடவில்லையாம், அதனால் பாதி விலை. துணி மெல்லிசுதான், ஆனால் நெசவில் சின்னச் சின்னக் கட்டமாகக் கெட்டி நூல் ஓடுகிறது, முள் கிழித்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடுமாம். நானும் என் பங்குக்குப் பையை உள்ளும் புறமும் திருப்பி, வார் சேருமிடத்தில் பெருக்கல் தையல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வாய்க்குச் சுருக்குக் கயிறு, மேலே மூடி, அதில் ஒரே ஒரு ஜிப். கொக்கிகளை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், வளையவில்லை. மழைக்கு ஒரு மேலுறையும் உண்டு. ஒரே ஒரு தடவை எறிஞ்சு பாக்கட்டுமா என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டாள். நிறத்தைப் பற்றி நீ முகம் சுளிக்காதே. மலையில் நீ எந்த வளைவில் நடந்தாலும் தூரத்தில் இருக்கிறவனுக்குத் தெரியும்.

இனிமேல்தான் சிக்கல். முதுகில் ஒட்டுகிற பாகத்தை மேலும் கீழும் நகர்த்தி, ஆளுக்குத் தகுந்தாற்போல மாட்டலாம். உங்க பொண்ணுக்கு முதுகு நீளம் எவ்வளவு சார் என்று கேட்டாள். உயரத்தைச் சொன்னேன். உயரம் வேண்டாம், உயரமானவங்களுக்குக் கால் நீளமா இருக்கும், முதுகு குட்டையா இருக்கும், முதுகுதான் வேணும் என்றாள். எனக்குத் தெரியவில்லை. உன் முதுகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ச்சல் நாட்களில் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்த அளவுதான். என் உள்ளங்கை ஒன்றரை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டுச் சொல்றேன்மா என்று மஞ்சள் பையோடு வந்துவிட்டேன்.

ஆகவே ஒரு சின்ன வேலை செய். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு வரும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரைக்கும் முதுகை ஒட்டி அளக்க வேண்டும். ரூமில் கூட இருக்கிறவர்கள் யாரையாவது டேப்பைப் பிடிக்கச் சொல். ரெண்டு நிமிஷ வேலை.

அளவு வந்ததும் மற்றதைப் பேசலாம். இருமல் எப்படி இருக்கிறது?

தோள் வீங்கிய
அப்பா

*

வீடு,
செவ்வாய்க்கிழமை

கண்ணு,

உன் செய்தி நேற்று டீ நேரத்தில் வந்தது. டேப்பை வைத்து நீயே அளந்து பார்த்தாய், மேல்முனையைப் பிடித்தால் கீழ்முனை நழுவுகிறது, கீழே பிடித்தால் மேலே நழுவுகிறது. தனி ரூமுக்கு மாறி நாலு மாசமாகிறது, பிடிக்க ஆளில்லை, ஆபீசில் யாரிடமும் போய் முதுகை அள என்று சொல்ல ஒரு மாதிரி இருக்கிறது. குத்துமதிப்பா வெச்சு அனுப்பிடுங்கப்பா என்று எழுதியிருக்கிறாய்.

டீ ஆறிப்போனது. சக்கரம் எட்டிப் பார்த்து, என்னண்ணே, கெட்ட சேதியா என்று கேட்டான். இல்லைடா, அளவு கிடைக்கலை என்றேன்.

ரூம் மாறியதை நீ சொல்லவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் சாப்பிட்டேன் என்று போனில் சொன்னதெல்லாம் சாப்பிட்ட பிறகு சொன்னதில்லை. இந்தப் பக்கம் ஒரு ஆள் தனியாக இருக்கிறான், பரவாயில்லை, அவன் வயசானவன், பழகிக்கொள்வான் என்று இருந்தேன். அந்தப் பக்கமும் ஒரு ஆள் அப்படியே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்கு ஒரு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு கை இல்லாமல் இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன். மீட்டிங் மீட்டிங் என்கிறாயே, அங்கே நிறையப் பேர் இருப்பார்கள் என்றல்லவா நினைத்தேன்.

மலைக்கும் தனியாகத்தான் போகிறாய் என்று இப்போது தெரிந்துவிட்டது. போகாதே என்று எழுதி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். போ. ஐந்து நாள் நட. அந்தப் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்கும் கொஞ்சம் புரிந்தது, பாரத்தை மாட்டிக்கொண்டு நடந்தால் மனசு வேறு எதையும் நினைக்காது. நானும் இந்த வாரம் முழுக்க மஞ்சள் பையை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போய்வருகிறேன். சோதிக்கத்தான் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறேன். சோதனை முதல் நாளே முடிந்துவிட்டது. முதுகில் யாரோ சாய்ந்துகொண்டு கூடவே வருகிற மாதிரி இருக்கிறது, அதனால் கழற்றவில்லை. நாளைக்குத் துடைத்து வைத்துவிடுவேன். உனக்குப் புதுப் பையாகத்தான் வரும், வியர்வை நாற்றம் இருந்தால் அது கடையிலேயே இருந்தது.

இப்போது பார்சல் விஷயம். அனுப்ப மாட்டேன். பார்சல் ஆபீஸ்காரனே பார்சல் அனுப்ப மாட்டேன் என்றால் எப்படி என்பாய். பையை நாங்கள் என்ன செய்வோம் என்று எங்களுக்குத்தானே தெரியும்.

அதனால் வேறு ஏற்பாடு. நீ போகிற மலையடிவாரத்துக்கு ஒரே ஒரு வண்டிதான், கிளம்புகிற தேதியையும் நீ முதல் செய்தியிலேயே சொல்லியிருந்தாய். அந்த வண்டி காலையில் நம் ஸ்டேஷனில் நிற்கும். நீ அதை எழுதவில்லை. வழியில் எத்தனையோ ஸ்டேஷன் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா. நான் அதை ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. பார்சல் ஏற்றுகிறவன் என்பதால் வண்டிகளின் பாதை எனக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. ஸ்டேஷனைவிட்டு வெளியே கூட வர வேண்டாம். பிளாட்பாரத்தில் இறங்கினால் போதும். வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்று பயப்படாதே. அன்றைக்கு ஏற்றுவதற்குப் பார்சல் நிறைய இருக்கும் என்று சக்கரம் சொல்கிறான். கனமான சாமான் ஒன்றிலும் சக்கரம் இருக்காதாம், எல்லாவற்றையும் தானே தூக்குவதாகச் சொல்லியிருக்கிறான், அவன் தூக்கினால் எவ்வளவு மெதுவாகத் தூக்குவான் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியும். இதைப் பற்றி எழுத்தில் இதற்கு மேல் சொல்லக் கூடாது. நீயும் படித்தவுடன் மறந்துவிடு.

வெறும் பையை மாட்டிப் பார்த்துச் சரிசெய்ய முடியாது, உள்ளே பாரம் இருக்க வேண்டும் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருக்கிறாள். அதனால் சும்மா கொண்டுவர மாட்டேன். பயப்படாதே, குக்கர் இல்லை. வழிக்குத் தண்ணீர், ரொட்டி, இருமலுக்கு மருந்து. அடியில் ஒரு ஸ்வெட்டர் இருக்கும். யாருடையது என்று பார்த்தவுடன் உனக்குத் தெரியும். எடை குறைவு, சூடு அதிகம். கடையில் இதற்குத்தான் கொள்ளை விலை சொல்கிறார்கள். போட்டுக்கொள்ள மனசு வராவிட்டால் தலைக்கு வைத்துப் படு. கனமான சாமானை முதுகை ஒட்டி நடுவில் வை, லேசானதை அடியில் வை. மற்றதை மலை சொல்லிக்கொடுக்கும்.

திரும்பி வரும்போது பை நனைந்திருக்கும். ஈரத்தோடு மடித்து மூலையில் போட்டால் பூஞ்சை பிடித்து, உள்ளே பூசியிருக்கிற பூச்சு உரிந்துவிடுமாம். நிழலில், நல்ல காற்றில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். உன் தனி ரூமுக்கு ஜன்னல் எப்படி என்று எனக்குத் தெரியாது. இங்கே பால்கனியில் காற்றுக்குக் குறைவில்லை, கொடியும் சும்மாதான் இருக்கிறது. காய்வதற்கு ரெண்டு மூன்று நாள் ஆகும். பைக்காகத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. பையை மாட்டியதும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மாட்டியவருக்குத் தெரியாதாம். பின்னால் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியுமாம். வார் தோளை ஒட்டி வளைகிறதா, நடுவில் இடைவெளி விழுகிறதா என்று பார்த்து, முதுகுப் பாகத்தை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். கடைக்காரப் பெண்ணிடம் அதை எனக்குச் சொல்லிக்கொடு என்று கேட்டு, அவள் முதுகிலேயே ரெண்டு தடவை செய்து பழகியிருக்கிறேன். பாஸ் என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே நீ எதுவும் அளக்க வேண்டாம். என் முகத்தைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்தால் பார்க்கவும் வேண்டாம். நான் மஞ்சள் பையோடு நிற்பேன், எந்தப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியும். இறங்கி வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நில். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு மழை இல்லாமல் இருக்கட்டும். உன் கால்கள் திடமாக இருக்கட்டும். போகிற வழியெல்லாம் உனக்கு நல்லவர்கள் எதிர்ப்படட்டும்.

பிளாட்பாரத்தில்,
உன் அப்பா